மழித்த இடத்துச் சிவப்பு: அறுவைக்குப் பின் நாயின் தோலைப் பேணுதல்

அறுவை முடிந்து தங்கள் நாயை அழைத்துச் செல்ல வரும் குடும்பத்தினரின் கண் முதலில் தையலைத்தான் தேடுகிறது. எத்தனை தையல், எவ்வளவு நீளம், குருதி கசிகிறதா என்பனவே அவர்களுடைய கேள்விகள். அவை நியாயமான கேள்விகளே. எனினும் இரண்டாம் நாள் மாலையிலோ மூன்றாம் நாள் காலையிலோ எங்களுக்குத் தொலைபேசியில் வரும் குரல் வேறொன்றைச் சொல்கிறது. தையல் நன்றாக உள்ளது. அதைச் சுற்றி முடி மழித்த இடம்தான் செக்கச் செவேலென்று இருக்கிறது. நாய் ஓயாமல் அதை நக்குகிறது. இரவில் உறங்க மறுக்கிறது. அழைப்பவரின் குரலில் சிறு தயக்கமும் இருக்கும். இவ்வளவு பெரிய அறுவை நடந்திருக்க, ஒரு சிவப்பைப் பற்றியா மருத்துவரைத் தொந்தரவு செய்வது என்ற தயக்கம் அது. தயங்காமல் கேளுங்கள் என்பதே எங்கள் விடை. ஒழுங்காக மூடித் தைத்த வயிற்றுக் காயம் வீட்டிற்குச் சென்றபின் பிரிந்துகொள்வதற்கு, இந்தச் சிவப்பும் அதனால் எழும் அரிப்பும் தொடக்கமாக அமைவதுண்டு.

தையல் நான்கு விரற்கிடை நீளம்தான். மழித்ததோ இரண்டு உள்ளங்கை அகலம். இது ஏன் என்று பலரும் கேட்கின்றனர். உரோமத்தின் அடியில் தூசு, எண்ணெய்ப் பசை, உண்ணிகளின் கழிவு, எண்ணற்ற நுண்ணுயிர்கள் ஆகியன தங்கியிருக்கும். எத்தனை முறை கழுவினாலும் உரோமத்தை முற்றிலும் தூய்மையாக்க இயலாது. மேலும், உள்ளே எதிர்பாராத கட்டியோ குருதிப் பெருக்கோ தென்பட்டால் வெட்டை நீட்ட வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் போய் மழித்துக்கொண்டிருக்க முடியாது. ஆகவே சில அங்குலம் கூடுதலாகவே முன்னதாக மழித்துவைக்கிறோம். முன்னங்காலில் ஒரு பட்டை அளவுக்கு முடி இல்லாவிட்டால் அது டிரிப் ஏற்றிய இடம். கழுத்தின் கீழ்ப்புறம் என்றால் அங்கிருந்து குருதி எடுக்கப்பட்டிருக்கும். வயிறு முழுதும் என்றால் ஸ்கேன் பார்த்ததாக இருக்கலாம். இடுப்புக்கு மேல் முதுகில் ஒரு சதுரம் என்றால் தண்டுவடப் பகுதியில் வலிமறப்பு ஊசி போட்டதன் அடையாளம். வீடு சேர்ந்ததும் இவ்விடங்கள் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். குடும்பம் முழுவதும் வயிற்றுத் தையலையே காவல் காத்துக்கொண்டிருக்க, நாய் தன் முன்னங்காலை நக்கிப் புண்ணாக்கிவிடுவது அரிதன்று.

அறுவைக்கு முன் மழிக்கும் மின்கருவியில் நாற்பதாம் எண் அலகைப் பொருத்துகிறோம். அது தோலின் மேல் கால் மில்லிமீட்டர் அளவுக்கே முடியை விட்டுவைக்கும். ஓட ஓட அலகு சூடேறும் என்பதால் அடிக்கடி தொட்டுப் பார்த்து, எண்ணெயிட்டு, ஆறவைத்து, வேண்டுமாயின் மாற்றுகிறோம். இவ்வளவு கவனத்திற்குப் பின்னும் சில நாய்களின் தோல் சிவக்கத்தான் செய்கிறது. காரணம் தோலின் அமைப்பிலேயே உள்ளது. மனிதரின் மேல்தோலில் பத்துக்கும் மேற்பட்ட உயிரணு அடுக்குகள் உண்டு. உரோமம் மூடிய இடங்களில் நாயின் மேல்தோலுக்கு மூன்று முதல் ஐந்து அடுக்குகளே. உரோமமே அதற்குக் காவல். அக்காவல் நீங்கிய பின் அலகின் உராய்வு, கிருமிநீக்கி மருந்து, ஒட்டுப் பிளாஸ்திரி, தரையின் ஈரம் என எல்லாமே நேராகத் தோலைத் தொடுகின்றன.

முந்திய நாளே வீட்டில் மழித்துக் கொண்டுவரட்டுமா என்று அன்போடு கேட்பவர்களும் உண்டு. வேண்டாம். மழிக்கும்போது கண்ணுக்குத் தெரியாத நுண்கீறல்கள் விழும். ஓர் இரவு கிடைத்தால் போதும், அக்கீறல்களில் நுண்ணுயிர்கள் குடியேறிப் பெருகிவிடும். மயக்கம் கொடுத்த பின்பே, அறுவைக்குச் சற்று முன்னால் நாங்கள் மழிப்பது அதனாலேதான். நீங்கள் செய்யத்தக்க உதவி வேறு: இரண்டு நாள் முன்னதாகக் குளிப்பாட்டி நன்கு உலர்த்துங்கள், சிக்குப் பிடித்த முடியைச் சீவிவிடுங்கள், முன்பு எப்போதேனும் தோல் ஒவ்வாமை இருந்திருந்தால் எங்களிடம் சொல்லுங்கள்.

சிவப்பைப் படித்தறிதல்

எல்லாச் சிவப்பும் ஒன்றன்று. இணைகோடுகளாகச் சிவந்திருந்தால் அது அலகின் தடம். அறுவை முடிந்த சில மணி நேரத்திலிருந்து இரண்டு நாட்களுக்குள் தெரியவரும். தொடையிடுக்கு, அக்குள், விலாவின் பின்மடிப்பு, முலைக்காம்புகளைச் சுற்றிய பகுதி ஆகிய மெல்லிய இடங்களில் மிகுதியாகக் காணலாம். மழித்த பரப்பு முழுவதும் ஒரே சீராகச் சிவந்திருந்தால், தோலைத் தூய்மை செய்யப் பயன்பட்ட குளோர்ஹெக்சிடினோ போவிடோன் அயோடினோ அந்நாய்க்கு ஒத்துக்கொள்ளவில்லை எனலாம். இனி வரும் அறுவைகளில் வேறு மருந்தைப் பயன்படுத்த இயலும் என்பதால் இதை எங்களிடம் கட்டாயம் தெரிவியுங்கள். சதுரமாகவோ பட்டையாகவோ சிவந்திருந்தால் பிளாஸ்திரியை ஐயுறலாம்.

ஊதாவும் கருநீலமும் கலந்த நிறம் கண்டு பலர் அஞ்சுகின்றனர். அது தோலுக்கடியில் பரவிய குருதி. நாய் நிற்கும்போது கீழ்நோக்கி இறங்குவதால் இரண்டாம் நாள் முதல் நாளைவிடப் பெரிதாகவும் தோன்றலாம். தொட்டால் மென்மையாக, வீக்கமின்றி இருந்து, நாளடைவில் பச்சையும் மஞ்சளுமாக மாறி மறைந்தால் கவலை இல்லை. தையலின் விளிம்பும் முதல் இரண்டு மூன்று நாட்கள் இளஞ்சிவப்பாக இருக்கும். அது ஆறுதலின் ஒரு பகுதி.

நான்கைந்து நாட்கள் கழித்து மழித்த இடத்தில் சிறுசிறு பருக்கள் தோன்றி, நுனியில் வெண்சீழ் தெரிந்தால் அது வேறு கதை. முடியின் வேர்க்குழிகளுக்குள் கிருமி புகுந்துவிட்டது என்பது அதன் பொருள். இதற்கு மருத்துவம் வேண்டும்.

நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே வெளிச்சத்தில், கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். நேற்றைவிட இன்று கூடியிருக்கிறதா என்னும் கேள்விக்கு நினைவைவிடப் படம் நேர்மையாக விடை சொல்லும். தொலைபேசியில் அழைக்கும்போது எங்களுக்கும் அது பெரிதும் உதவும்.

நாக்கு

நாய் நக்கினால் புண் ஆறும் என்ற நம்பிக்கை நம் வீடுகளில் ஆழமாக வேரூன்றியது. உமிழ்நீரில் கிருமிகளை ஓரளவு தடுக்கும் பொருள்கள் உள்ளன என்பது உண்மையே. ஆனால் அதே வாயில் புண்ணைக் கெடுக்கும் கிருமிகளும் வாழ்கின்றன. நாக்கின் சொரசொரப்பு, ஏற்கெனவே உராய்ந்த தோலை மேலும் தேய்க்கிறது. நக்க நக்க ஈரம் தங்குகிறது. ஈரத்தால் தோல் ஊறி மென்மையாகிறது, அரிப்பு கூடுகிறது, கூடிய அரிப்பு மீண்டும் நாக்கை அழைக்கிறது. காலையில் கைக்குட்டை அளவுக்கு இருந்த சிவப்பு மாலைக்குள் நீர் வடியும் புண்ணாகிவிடலாம். மருத்துவர்கள் இதை ஹாட் ஸ்பாட் என்பார்கள். பெயருக்கேற்ப அது தொட்டால் சுடும், பிசுபிசுக்கும், நாற்றமெடுக்கும். கோல்டன் ரெட்ரீவர், லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற அடர்ந்த உரோமம் கொண்ட இனங்களில் மழித்த இடத்தின் ஓரத்தில், முடி மூடிய பகுதிக்குள் இது மறைந்து பரவுவதும் உண்டு.

அந்த ஈரமும் கிருமியும் தையல் வரை எட்டும்போதுதான் பேராபத்து. நாய் நூலை முன்பற்களால் பற்றி இழுக்கத் தொடங்கினால் சில நிமிடங்கள் போதும். ஆகவே மழித்த இடத்து எரிச்சலுக்கு நாங்கள் தரும் முதல் மருந்து எந்தக் களிம்பும் அன்று. கழுத்தில் கட்டும் கூம்புப் பட்டையே.

கோன் என்று எல்லோரும் அழைக்கும் இப்பட்டைக்கு எலிசபெத் காலர் என்று பெயர். முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தில் இங்கிலாந்துச் செல்வர்கள் கழுத்தில் அணிந்த விறைத்த மடிப்புப் பட்டையை ஒத்திருப்பதால் வந்த பெயர் அது. செல்வத்தின் அடையாளமாக இருந்தது நாய்க்குச் சிறைபோல் தோன்றுவது வேடிக்கைதான். முதல் நாள் சுவரில் முட்டிக்கொள்ளும். கதவு நிலையில் மாட்டிக்கொள்ளும். உணவைப் பார்த்துக்கொண்டே நிற்கும். வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு இது பொறுக்காது. "பாவம், வாயில்லாப் பிராணி, சற்று நேரம் கழற்றி விடுங்கள்" என்பார்கள். அந்த இரக்கத்தை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் வீடே உறங்கும் பின்னிரவில்தான் நாய் தன் வயிற்றைத் தேடுகிறது. பெரும்பாலான நாய்கள் ஓரிரு நாளில் பட்டைக்குப் பழகிவிடுகின்றன. உணவுத் தட்டைச் சற்று உயரமான பலகைமேல் வையுங்கள். அப்போதும் உண்ணாவிட்டால், நீங்கள் பக்கத்திலேயே அமர்ந்திருந்து உணவு நேரத்தில் மட்டும் கழற்றி, உண்டு முடித்ததும் மீண்டும் கட்டிவிடுங்கள்.

பட்டையின் விளிம்பு நாயின் மூக்கு நுனியைத் தாண்டி ஓர் அங்குலமேனும் நீண்டிருக்க வேண்டும். கழுத்துக்கும் பட்டைக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். அதற்கு மேல் இடம் இருக்கலாகாது. சிப்பிப்பாறை, கன்னி, இராசபாளையம் போன்ற நம் நாட்டு வேட்டை நாய்களை வளர்ப்போர் இதில் தனிக் கவனம் கொள்ள வேண்டும். அவற்றின் தலை ஒடுங்கியது, முகம் நீண்டது. எனவே பொதுவான பட்டை எளிதில் கழன்று விழும். விழாவிட்டாலும் மூக்கு வெளியே நீண்டு தையலை எட்டும். பெரிய அளவுப் பட்டையை வாங்கி, அதன் கண்ணிகளை நாயின் வழக்கமான கழுத்துப்பட்டையோடு துணிநாடாவால் கோத்துக் கட்டுவது நல்ல வழி. காற்றடைத்த வளையம் போன்ற பட்டைகள் பார்க்க வசதியாகத் தோன்றினாலும் நீண்ட முகமுள்ள நாய்களை அவை தடுப்பதில்லை.

வயிற்றை மறைக்கக் குழந்தைகளின் பருத்தி டி-ஷர்ட் ஒன்றும் உதவும். முன்னங்கால்களைக் கைப்பகுதியில் நுழைத்து, தொங்கும் துணியை முதுகின்மேல் முடிச்சிடுங்கள். அது நனைந்தால் உடனே மாற்றுங்கள். சென்னைக் கோடையில் நாள் முழுதும் போட்டுவைத்தால் உள்ளே வேர்த்துப் புழுங்கும் என்று கேட்கிறார்கள். நாய்க்கு வியர்வை பெரும்பாலும் உள்ளங்கால்களில்தான். எனினும் புழுக்கம் தோலைப் பாதிக்கும். மின்விசிறியின் கீழ் படுக்கவையுங்கள். டி-ஷர்ட் கூம்புப் பட்டைக்குத் துணையே. தனித்து விடத்தக்க மாற்று என்று கொள்ள வேண்டாம்.

குளிர்ச்சியும் உலர்வும்

கொதிக்கவைத்து ஆறிய நீரைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, அதில் தூய மெல்லிய பருத்தித் துணியை நனைத்து நன்கு பிழிந்து, சிவந்த இடத்தின்மேல் ஐந்து முதல் பத்து நிமிடம் மென்மையாக வையுங்கள். முதல் இரண்டு நாட்கள் நாளைக்கு மூன்று நான்கு முறை இதைச் செய்யலாம். தேய்க்காதீர்கள். பனிக்கட்டியை நேராகத் தோலில் வைக்காதீர்கள். தையலின்மேல் நீர் படாமல் பார்த்துக்கொண்டு, முடிந்ததும் உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். எங்கேனும் நீர் கசிந்து பொருக்குக் கட்டியிருந்தால், அரை லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக உப்பைக் கரைத்து, அந்நீரில் நனைத்த பஞ்சால் ஒற்றித் துடைக்கலாம். தையல் பிரிக்கும் வரை, அதாவது பொதுவாகப் பத்து முதல் பதினான்கு நாட்கள் வரை, குளியல் வேண்டாம்.

பலரும் எண்ணிப் பார்க்காத ஒன்று வீட்டுத் தரை. வெயில் நாளில் நாய் குளிர்ந்த தரையைத் தேடி, கால்களைப் பரப்பி, மழித்த வயிறு முழுவதும் படும்படி படுக்கும். அத்தரையைக் காலையில் ஃபினாயில் ஊற்றித் துடைத்திருப்போம். உரோமம் இருந்தவரை அது பொருட்டாக இல்லை. இப்போது அந்த மருந்து நேராக வெறுந்தோலில் படுகிறது. இரண்டு வாரத்திற்கு நாய் படுக்கும் அறையை வெறும் நீரால் துடையுங்கள். துவைத்து வெயிலில் உலர்த்திய பருத்தி விரிப்பை இட்டு, நாள்தோறும் மாற்றுங்கள். தென்னை நார் மிதியடி ஆகாது. ஈரப் புல்வெளியில் அமரவிடாமல், கயிற்றில் பிடித்துக் குறுகிய நேரமே நடத்திக் கூட்டி வாருங்கள்.

வெண்ணிற உரோமமும் இளஞ்சிவப்புத் தோலும் கொண்ட இராசபாளையம் போன்ற நாய்களுக்கு வெயிலும் பகை. மழித்த இடம் எளிதில் வெந்துவிடும். மனிதர் பூசும் வெயில்தடுப்புக் களிம்புகள் பலவற்றில் துத்தநாக ஆக்சைடு உள்ளது. நாய் அதை நக்கி விழுங்கினால் நஞ்சாகும். நிழலும் துணியும் போதும்.

பூசுவதற்கு முன்

எங்களிடம் வரும் எரிச்சல் கண்ட தோல்களில் ஏதேனும் ஒன்று பூசப்படாமல் வருவது குறைவு. மஞ்சளின்மேல் எங்களுக்குப் பகையில்லை. ஆனால் அடுக்களை மஞ்சள்தூள் கிருமி நீக்கப்பட்டதன்று. அதன் துகள் தையலுக்குள் புகும். எல்லாவற்றையும் மஞ்சளாக்கிச் சிவப்பை மறைத்துவிடும். ஊதா நிற ஜென்ஷியன் வயலட்டும் இதே மறைப்பு வேலையைச் செய்கிறது. தேங்காய் எண்ணெய் நாய்க்கு உண்ணும் பொருள். பூசிய இடத்தை நக்கச் சொல்லிக் கொடுப்பதற்குச் சமம். அதில் கற்பூரத்தைப் பொடித்துக் கலப்பது மேலும் தீங்கு. கற்பூரம் உடலுக்குள் சென்றால் வலிப்பை உண்டாக்கும். சோற்றுக்கற்றாழையின் தோலுக்கடியில் உள்ள மஞ்சள் பால் வயிற்றுப்போக்கை வருவிக்கும். டீ ட்ரீ எண்ணெய் நாய்க்கு நஞ்சு. ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் எரிச்சலைக் கூட்டி, ஆறிவரும் தசையையும் கெடுக்கும்.

மருந்துக் கடையில் கேட்டவுடன் கிடைக்கும் தோல் களிம்புகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். படை, சொறி, அரிப்பு எல்லாவற்றுக்கும் ஒன்றே என்று விற்கப்படும் அவற்றில் பலவும் வீரியமான ஸ்டீராய்டு கலந்தவை. பூசிய மறுநாளே சிவப்பு மறையும், வீட்டார் மகிழ்வர். அடியில் தையலின் ஆறுதல் தாமதப்படும், கிருமிக்கு வழி திறக்கும். ஸ்டீராய்டு மாத்திரையாக உள்ளே சென்றால் இன்னும் ஆபத்து. அறுவைக்குப் பின் வலிக்காக மெலோக்சிகாம் போன்ற மருந்தை நாங்கள் கொடுத்தனுப்பியிருப்போம். அதனுடன் ஸ்டீராய்டு சேர்ந்தால் இரைப்பையில் புண் உண்டாகிக் குருதி கசியக்கூடும். வீட்டில் மனிதருக்கென்று வைத்திருக்கும் இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாத்திரைகளை ஒருபோதும் கொடுக்காதீர்கள். அரிப்பு தாங்கவில்லை எனில் அழையுங்கள். நாயின் எடைக்கும் மற்ற மருந்துகளுக்கும் ஏற்றதை நாங்கள் சொல்கிறோம்.

ஈக்களைப் பற்றியும் ஒரு சொல். நீர் வடியும் புண்ணில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழுவாகிவிடும். திண்ணையிலோ மாட்டுக்கொட்டிலின் அருகிலோ வாழும் நாய்களை இந்த இரண்டு வாரமேனும் வீட்டிற்குள், கொசுவலையின் கீழாயினும் வையுங்கள். புழு கண்டால் அந்துருண்டையைப் பொடித்துத் தூவும் பழக்கம் சில ஊர்களில் உள்ளது. அது நாயின் உயிருக்கே கேடு. அப்படியே எங்களிடம் கொண்டுவாருங்கள்.

எப்போது காத்திருக்கலாகாது

வெறும் அலகுத் தடமாயின் இரண்டு மூன்று நாளில் மங்கத் தொடங்கி, ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் மறைந்துவிடும். நாற்பத்தெட்டு மணி நேரத்திற்குப் பின்னும் சிவப்பு கூடிக்கொண்டே போனால், நீர் வடிந்தால், நாற்றம் வந்தால், பருக்கள் தோன்றினால் அன்றே அழையுங்கள். தையலின் விளிம்பு பிரிந்து இடைவெளி தெரிந்தாலோ, வயிற்றில் தையலுக்கடியில் திடீரெனப் புடைப்பு எழுந்தாலோ, சீழோ குருதியோ சொட்டினாலோ நள்ளிரவாயினும் விடியும் வரை காத்திருக்க வேண்டாம். நாயின் இயல்பான உடல்வெப்பம் 101 முதல் 102.5 பாரன்ஹீட் வரை இருக்கும். மனிதக் கணக்கில் பார்த்து அதைக் காய்ச்சல் என்று எண்ணிவிடாதீர்கள். 103-ஐத் தாண்டி, உணவையும் மறுத்துச் சோர்ந்து கிடந்தால் உடனே அழைத்து வாருங்கள். வரும்போது எதையும் பூசாமல், கூம்புப் பட்டையோடு வாருங்கள்.

முடி எப்போது வளரும்

குட்டை உரோமம் கொண்ட நாய்களுக்கு மூன்று நான்கு மாதங்களில் மழித்த இடம் தெரியாமல் மூடிவிடும். பொமரேனியன், சைபீரியன் ஹஸ்கி, சௌ சௌ போன்ற இரட்டை அடுக்கு உரோம இனங்களில் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை, சிலவற்றில் அதற்கு மேலும் ஆகும். அந்தத் தோல் மென்மையாக, அரிப்பின்றி, இயல்பான நிறத்தில் இருக்கும்வரை பொறுத்திருக்கலாம். முடிவளர்ச்சிக்கென்று விற்கும் எண்ணெய்கள் தேவையில்லை. புதிதாக வரும் முடி சற்றுக் கருமையாகவோ வேறு சாயலிலோ வருவதும் உண்டு. அடுத்த உதிர்வில் பெரும்பாலும் பழைய நிறம் திரும்பும். ஆனால் குட்டை உரோம நாய்க்கு ஆறு மாதமாகியும் அந்த இடம் வெறுமையாகவே இருந்து, உடல் பருத்து, எந்நேரமும் சோம்பிக் கிடந்தால், தைராய்டு சுரப்புக் குறைவாக இருக்கக்கூடும். அதற்கு ஒரு குருதிச் சோதனை செய்து பார்க்க வேண்டும். தடுப்பூசிக்கு வரும்போது எங்களிடம் நினைவூட்டுங்கள்.